மணல்வாரி வந்த வீட்டில்

(மும்பை தாராவியில், தமிழ் எழுத்தறிவு வகுப்பில் படிக்கும் தாய்மார்களிடம் ஒரு தொண்டர் பேசியது)



இன்று பலகையில் பாடம் எழுதப் போவதில்லை. கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். பின்சந்தில் ஒரு பிள்ளைக்கு மணல்வாரி கண்டிருக்கிறது. அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் சந்தில் கைப்பிள்ளைகள் நிறைய. அதனால் இன்றைக்கே இதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நான் டாக்டர் இல்லை. நர்சும் இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆனால் மணல்வாரி எங்கள் வீட்டுக்கு வந்து போன நோய். அது விட்டுப்போன அடையாளம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். படித்ததையும் கேட்டதையும் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என் தங்கச்சியின் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு அக்கா, மறைக்க என்ன இருக்கு?" என்றாள்.

எங்கள் வீட்டில் நடந்தது

அது 2005ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. தங்கச்சிக்கு ஒன்றரை வயது. அப்பா தோல் பட்டறையில் வேலை. அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டது ஆச்சி.

தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கு ஒழுகியது. இருமினாள். கண் சிவந்து நீர் வடிந்தது. நான்காம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்தது. மறுநாள் முகம், நெஞ்சு, வயிறு, கால் என்று மணலை வாரி இறைத்தது போல் உடம்பெல்லாம் பரவியது.

ஆச்சி பார்த்தாள். "அம்மா இறங்கியிருக்கா. மருந்து கொடுக்கக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் கூடாது. முட்டை, கீரை எதுவும் ஆகாது" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது நாள் கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான். ஆச்சி அவளை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தாள். ஆச்சியின் பாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது.

பொரிந்தது அடங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் முடியவில்லை. வயிற்றுப்போக்கு தொடங்கியது. தங்கச்சி கண்ணைத் திறக்கவே இல்லை. விளக்கைக் கண்டால் அழுதாள். யாரோ சொன்னார்கள் என்று ஏதோ இலைச்சாற்றைக் கண்ணில் பிழிந்தார்கள். சில நாள் கழித்து அம்மா இமையை விலக்கிப் பார்த்தாள். இடது கண்ணின் கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது.

அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டரம்மா இரண்டு கேள்வி கேட்டார்கள்.

முதல் கேள்வி: "இந்தக் காய்ச்சலுக்கு முன்னாலேயே, பொழுது சாய்ந்தால் பிள்ளை தடவித் தடவி நடந்தாளா?"

அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொழுது சாய்ந்தால் தங்கச்சி விளையாட வரமாட்டாள். மூலையில் உட்கார்ந்துகொள்வாள். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தோம். அது பயம் இல்லை. மாலைக்கண். வைட்டமின் ஏ என்ற சத்து குறைந்ததற்கு அடையாளம்.

இரண்டாவது கேள்வி: "ஊசிக் கார்டு எங்கே?"

கார்டு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதில் ஒன்பதாம் மாதத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அந்த மாதம் நாங்கள் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபின் யாருக்கும் ஞாபகம் இல்லை. காலிக் கட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அன்று ஒரு முறையும் மறுநாள் ஒரு முறையும் வைட்டமின் ஏ மருந்து கொடுத்தார்கள். சில வாரம் கழித்து வரச்சொல்லி இன்னொரு முறை கொடுத்தார்கள். தங்கச்சி பிழைத்தாள். வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்தது விழுந்ததுதான்.

அம்மா இன்றும் சொல்வாள்: "அந்தக் கட்டத்தை எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா…" அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

இனி, இந்த நோய் எப்படிப்பட்டது, அந்தச் சத்து என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மணல்வாரி எதனால் வருகிறது?

மணல்வாரிக்குத் தட்டம்மை என்றும் பெயர். இது ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. வைரஸ் மிகமிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்புக்குள் புகுந்து, நம் உடம்பையே வைத்துத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்.

இது காற்றில் பரவும். நோய் கண்ட பிள்ளை இருமினாலும் தும்மினாலும் கிருமி வெளியே வரும். பிள்ளை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் கிருமி இருக்கும். தடுப்பூசி போடாதவர்கள் நடுவில் ஒருவருக்கு வந்தால், அவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடும். நம் வீடுகளோ ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுச் சுவர். இங்கே எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நினைத்துப் பாருங்கள்.

2022ஆம் ஆண்டுக் கடைசியில் இதே மும்பையில் கோவண்டி முதலிய இடங்களில் தட்டம்மை பரவியது. குழந்தைகள் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாத பிள்ளைகள்.

தட்டம்மை வந்த பிள்ளை பெரும்பாலும் அந்தப் பொரிவினால் சாவதில்லை. பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான் உயிரைக் கொண்டுபோகின்றன. ஏன் தெரியுமா? இந்தக் கிருமி உடம்பின் காவலையே உடைத்துவிடுகிறது. முன்பு வந்த நோய்களோடு சண்டை போட்டு உடம்பு பழகி வைத்திருக்கும் அல்லவா? அந்தப் பழக்கத்தையும் அழித்துவிடுகிறது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மற்ற நோய்களை எதிர்க்கும் பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. அதனால்தான் தட்டம்மை போன பிறகும் பல மாதங்கள் பிள்ளைக்கு மாற்றி மாற்றி நோய் வருகிறது.

வைட்டமின் ஏ என்ன செய்கிறது?

மழைக்காலம் வருவதற்கு முன்னால் நாம் என்ன செய்வோம்? கூரைமேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவோம். கிழிசல் இருந்தால் மாற்றுவோம். கிழிந்த தார்ப்பாயோடு மழையில் மாட்டிக்கொண்டால் வீடு முழுக்கத் தண்ணீர்.

நம் உடம்புக்கும் அப்படி ஒரு தார்ப்பாய் உண்டு. வெளித்தோல் மட்டும் இல்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், குடல், கண் எல்லாவற்றிலும் ஈரமான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் வழவழப்பான நீர் சுரக்கும். உள்ளே வரும் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். தும்மலிலும் சளியிலும் வெளியே போய்விடும்.

இந்த ஈரத்தோலை நல்லபடி வைத்திருப்பது வைட்டமின் ஏ. அது குறைந்தால் ஈரத்தோல் காய்ந்து சொரசொரப்பாகும். கிருமி உள்ளே புக வழி கிடைத்துவிடும். கண்ணும் காய்ந்துபோகும். அதனால்தான் கண்ணில் அடையாளம் தெரிகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமியோடு சண்டை போடுவது அவைதான். அவை சரியாக வளரவும் வேலை செய்யவும் வைட்டமின் ஏ வேண்டும்.

ஆக, வைட்டமின் ஏ நேராகப் போய் வைரசைக் கொல்வதில்லை. உடம்பின் காவலைத் திடமாக வைக்கிறது.

தட்டம்மை என்ன செய்கிறது என்றால், உடம்பில் சேர்த்து வைத்த வைட்டமின் ஏ-யை வேகமாகக் குறைத்துவிடுகிறது. நிறையச் சேர்த்து வைத்த பிள்ளை தாங்கும். ஏற்கெனவே குறைந்த பிள்ளையிடம் இருந்த கொஞ்சமும் போய்விடும். என் தங்கச்சிக்கு அதுதான் நடந்தது. மாலைக்கண் இருந்த பிள்ளை. அதன்மேல் மணல்வாரி. அதன்மேல் ஒன்பது நாள் கஞ்சித் தண்ணீர்.

இது எப்படித் தெரிந்தது?

"சும்மா சொல்லுறியா, யாராவது பார்த்துச் சொன்னதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

1932இல் இலண்டனில் ஒரு டாக்டர், தட்டம்மை கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 600 பிள்ளைகளைப் பார்த்தார். 300 பேருக்கு வழக்கமான மருத்துவம். 300 பேருக்கு அதோடு வைட்டமின் ஏ. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 26 பேர் இறந்தார்கள். வைட்டமின் ஏ பெற்றவர்களில் 11 பேர் இறந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் உலகம் அதைக் கிட்டத்தட்ட மறந்தே போனது.

பிறகு ஆல்பிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் இந்தோனேசியாவில் வேலை செய்தார். கண் கெட்டுப்போவதைப் பற்றி அறியத்தான் போனார். அங்கே வேறொன்றைக் கண்டார். மாலைக்கண் போல லேசான கண்குறை உள்ள பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்கு அதிகமாக இறந்தார்கள். இதை 1983இல் எழுதினார். பலர் நம்பவில்லை. ஆகவே 450 கிராமங்களில் சோதனை செய்தார்கள். ஏறக்குறையப் பாதிக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் பிள்ளைகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 1986இல் வெளிவந்தது.

நம் ஊர்ப் பக்கமும் பார்த்தார்கள். திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகளை ஒரு வருடம் கவனித்தார்கள். மதுரையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்திய ஆய்வு அது. பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அவர்களிடையே சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. இது 1990இல் வெளிவந்தது.

அதே 1990இல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. கேப் டவுன் நகரில், தட்டம்மை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 189 பிள்ளைகள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மொத்தம் 12 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் வைட்டமின் ஏ பெறாதவர்கள். பெற்றவர்களில் இறந்தது இருவர் மட்டுமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் பிள்ளைகளிடம் பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 2013இல் வந்தது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுத்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எல்லா ஊரிலும் ஒரே அளவு பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டம்மை வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் கொடுக்கிறார்கள்.

சத்து இருந்தால் ஊசி வேண்டாமா?

போன வாரம் ஓர் அக்கா கேட்டார்கள்: "சத்து மருந்து குடிச்சாப் போதும்னா, பிள்ளையை ஏன் ஊசி குத்தி அழ வைக்கணும்?"

அக்கா, இங்கேதான் கவனம் வேண்டும். தார்ப்பாய் வேறு. வீட்டுக்காவல் வேறு. தடுப்பூசி என்ன செய்கிறது? திருடனின் போட்டோவை முன்கூட்டியே காவல்காரனிடம் கொடுத்துவிடுகிறது. நிஜத் திருடன் வந்ததும் காவல்காரன் அடையாளம் கண்டு பிடித்துவிடுவான். வைட்டமின் ஏ-யால் அந்தப் போட்டோவைக் கொடுக்க முடியாது. எவ்வளவு சத்துள்ள பிள்ளைக்கும், ஊசி போடாவிட்டால், தட்டம்மை வரலாம். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டால் நூற்றில் 97 பேர் வரை நோயிலிருந்து தப்புவார்கள்.

2025இல் அமெரிக்காவில் டெக்சாஸ் என்ற மாநிலத்தில் தட்டம்மை பரவியது. அங்கே தடுப்பூசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். சில வீடுகளில் டாக்டரைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ-யை அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதற்கான அடையாளங்கள் தெரிந்தன. பணக்கார நாட்டிலேயே இப்படி.

வைட்டமின் ஏ உடம்பில் தங்கும் சத்து. அதிகமானால் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வாந்தி, தலைவலி வரும். ஈரல் கெடும். கர்ப்பிணிகள் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கே கெடுதல். ஆகவே கடையில் வாங்கி நாமே ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரியிலோ அங்கன்வாடியிலோ அளந்து கொடுப்பதுதான் அளவு.

வைட்டமின் சி மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது நம் சந்திலும் அந்த மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கினார்கள். வேலை இல்லாத நாளில் இருந்த பணத்தையும் அதில் போட்டார்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் உள்ள சத்துதான் அது. உடம்புக்குத் தேவைதான். அது இல்லாவிட்டால் ஈறில் இரத்தம் கசியும். புண் ஆறாது. ஆனால் 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொரோனா வந்து வீட்டில் இருந்தவர்களுக்கு வைட்டமின் சி-யும் துத்தநாக மாத்திரையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அதனால் குறிப்பிடும்படி சீக்கிரம் குணமாகவில்லை. சாதாரண ஜலதோஷமும் அப்படியே. தினமும் மாத்திரை சாப்பிட்டாலும் ஜலதோஷம் வராமல் தடுக்காது. வந்தால் கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

குறைந்த சத்தை நிரப்பினால் பலன் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் தண்ணீர் வழியத்தான் செய்யும்.

ஆச்சி கேட்ட கேள்வி

முன்வரிசையில் இருக்கும் ஆச்சி என்னை முறைத்துப் பார்க்கிறார்கள். நேற்றே கேட்டுவிட்டார்கள்: "ஏ பிள்ளே, அம்மா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, சாமி குத்தம் ஆகாதா?"

ஆச்சி, வாசலில் வேப்பிலை செருகுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள். நோய் பரவுவது கொஞ்சம் குறையும். பிள்ளையைத் தனியாக வைப்பதும் வீட்டைச் சுத்தமாக வைப்பதும் நல்ல வழக்கம். பொரிவு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றி நான்கு நாள் வரை நோய் பரவும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். பெரியவர்கள் அனுபவத்தில் கண்டது இது.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். எந்தத் தாயும் தன் பிள்ளை பட்டினி கிடப்பதை விரும்பமாட்டாள். மாரியாத்தாளும் தாய்தானே? அவளைக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். துணைக்கு நானும் வருகிறேன்.

மணல்வாரி கண்டால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. அன்றைக்கே ஆஷாவிடமோ மாநகராட்சி மருந்தகத்திலோ சொல்லுங்கள். "மணல்வாரி கண்டிருக்கு, வைட்டமின் ஏ கொடுக்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்று ஒரு தவணை, நாளை ஒரு தவணை. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் 2 லட்சம் யூனிட். 6 மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருந்தால் 1 லட்சம். 6 மாதத்துக்கும் குறைந்த பிள்ளைக்கு 50,000. கண்ணில் கோளாறு தெரிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது தவணையும் உண்டு. கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் கேட்கத் தெரிய வேண்டியவர்கள் நாம்.

இரண்டு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழைந்த சோறு, பருப்பு, முட்டை, வாழைப்பழம், பப்பாளி என்று பிள்ளை ஏற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை கொடுங்கள். நோய் போனபின் சில வாரங்கள் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

மூன்று. கண்ணை வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். இலைச்சாறு, பால், மை எதையும் கண்ணில் விடாதீர்கள்.

நான்கு. மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பிள்ளை பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால், மயக்கமாகக் கிடந்தால், கருவிழி மங்கினால், ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். அல்லது ஆட்டோ பிடியுங்கள்.

வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தட்டம்மைத் தடுப்பூசி நம் நாட்டில் 1985 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. இப்போது ரூபெல்லா என்ற நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாம் ஊசி. இரண்டும் இலவசம். தவறியிருந்தாலும் போய்க் கேளுங்கள். தாமதமானாலும் போடுவார்கள்.

முதல் ஊசியோடு வைட்டமின் ஏ மருந்து 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட், வாயில் ஊற்றுவார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 மில்லி. ஐந்து வயதுக்குள் மொத்தம் ஒன்பது தவணை. இந்தத் திட்டம் 1970இலேயே தொடங்கியது. ஆனாலும் 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றில் 18 பேருக்கு இந்தச் சத்துக் குறைவு இருந்தது.

சாப்பாட்டில் இந்தச் சத்து எங்கே இருக்கிறது? பிரசவித்ததும் வரும் சீம்பாலில் நிறைய இருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். முட்டை, பால், ஈரலில் இருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, அரைக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் இவற்றிலும் உண்டு. மார்க்கெட்டில் ஒரு கட்டுக் கீரையின் விலை ஒரு டானிக் பாட்டிலைவிட மிகக் குறைவு. கீரையை ஒரு சொட்டு எண்ணெயாவது விட்டு வதக்குங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் ஒட்டும். தாளிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும்.

ஒரு வீட்டுப் பாடம்

என் தங்கச்சிக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டே பத்தாவது பாஸ் செய்தாள். வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் காலிக் கட்டம் ஞாபகம் வரும்.

இங்கே வருவதற்கு முன் அந்தப் பின்சந்து வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் அம்மாவும் நம் வகுப்பில் படிப்பவர்தான். இன்று வரவில்லை. ஏன் தெரியுமா? நேற்று மாலை கார்டை எடுத்துத் தானே பார்த்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். இரண்டாம் ஊசிக் கட்டம் காலி. உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்விட்டார்கள். நேற்று முதல் தவணை வைட்டமின் ஏ கொடுத்தாகிவிட்டது. இன்று இரண்டாவது தவணைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கிறது. பால் குடிக்கிறது.

ஆகவே இன்றைய வீட்டுப் பாடம் இதுதான். வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறங்கள். பிள்ளையின் கார்டை எடுங்கள். பேரப்பிள்ளையின் கார்டானாலும் சரி. நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கார்டில் மராத்தியில் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். மாதமும் தேதியும் எண்தான். எண்ணை நீங்கள் படித்துவிட்டீர்கள். மற்றதைச் சேர்ந்து படிப்போம். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்ப்போம். காலிக் கட்டம் இருந்தால் நோட்டில் எழுதிக்கொள்வோம். அடுத்த தடுப்பூசி நாளில் எல்லோரும் சேர்ந்தே போவோம்.

ஆச்சி, நீங்களும் வர வேண்டும். நீங்கள் முன்னால் நடந்தால்தான் மருமகள்கள் பின்னால் வருவார்கள்.